விழுந்தா மட்டும் கூப்பிடுங்க

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். பயம்தான் காரணம். நாகரிகம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் சாலையில், இரண்டு பக்கமும் வயலை வைத்துக்கொண்டு நிற்கிறது எங்கள் கல்லூரி. அதன் இயற்பியல் துறைக்கு அவர் தலைவராக இருந்தார். நான் அந்தத் துறையின் ஆய்வகத்தையும் மொட்டை மாடியிலிருக்கும் தொலைநோக்கியையும் பார்த்துக்கொள்கிறவன். ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் ஒரு கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஜூன் வரை எனக்கு உயிர். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் நடந்துகொண்ட அழகைப் படிக்கும்போது உங்களுக்கு உதவும்.

ஆளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் அளந்து வைத்தாற்போல் விபூதி, பேசினால் அடிவயிற்றிலிருந்து வரும் குரல். சீக்கு ஒன்றே ஒன்றுதான். எதுவும் நடக்காத நேரத்தை அவரால் சகித்துக்கொள்ள முடியாது. உலகத்தில் அப்படி நிமிஷங்கள் இருப்பதையே தனக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொள்வார். எந்த விஷயத்திலும் அவருக்கு வேண்டியது உச்சக்கட்டம் மட்டும். முன்னும் பின்னும் மற்றவர்கள் பாடு.

எங்கள் அலுவலக கிளார்க் மகள் கல்யாணம் திருவிடைமருதூரில் நடந்தது. அவருடைய காரிலேயே என்னையும் அழைத்துப்போனார். பெருமையாக இருந்தது. மண்டப வாசலில் காரை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, "தம்பி, உள்ள போயி நில்லுங்க. மேளம் கெட்டியாவும்போது ஒரு சைகை பண்ணுங்க" என்றார். நான் மண்டபக் கதவுக்கும் காருக்கும் நடுவில் ரயில்வே கைகாட்டி மாதிரி முக்கால் மணி நேரம் நின்றேன். கையைத் தூக்கினேன். வந்தார். அட்சதை போட்டார். போட்டோவுக்கு நின்றார். மூன்றாவது நிமிஷத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவர் இலையில் உப்பு வைக்க வந்தபோது, "பாயசம் எப்படியும் வரப்போவுதுல்ல? அத இப்பவே ஊத்துங்க" என்றார். கிளார்க் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "காலைலேருந்தே இருக்கீங்களா சார்? நான்தான் கவனிக்காம இருந்துட்டேன்" என்று கண் கலங்கினார். இவர் பாயசத்தை விழுங்கிவிட்டு, "பரவால்ல, பரவால்ல" என்றார்.

சாவுச் செய்தி வந்தால், யார் என்று கேட்பதற்கு முன் "எத்தன மணிக்கு எடுக்குறாங்க?" என்று கேட்பார்.

திருவையாற்றுப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. குத்தகைக்கு விட்டிருந்தார். நடவன்று ஒரு நாள், அறுப்பன்று ஒரு நாள் போவார். இரண்டு நாளும் வரப்பில் நின்று படம் எடுத்துக்கொள்வார். ஒருமுறை குத்தகைக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார்: "சார் நாத்தப் பாத்துருக்காரு, நெல்லப் பாத்துருக்காரு. நடுவுல பயிருன்னு ஒண்ணு நிக்கும்ங்கறத அவருக்கு யாரும் சொல்லல போலருக்குங்க."

பாடம் நடத்துவதிலும் அதே கதைதான். தனி ஊசல் சோதனை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். குண்டை ஆடவிட்டு, இருபது ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை எடுத்து, இருபதால் வகுக்க வேண்டும். இவர் ஒரு ஆட்டத்தைப் பார்த்து இருபதால் பெருக்கச் சொல்வார். பிறகு அதையே இருபதால் வகுக்கச் சொல்வார். "ஒண்ணு ஆடுற மாதிரிதாம்ப்பா இருவதும் ஆடும்." அரை மணியில் வகுப்பு முடிந்துவிடும். மாணவர்களுக்கு அவர் தெய்வம். பூமியின் ஈர்ப்பு விசை எங்கள் கல்லூரியில் மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருந்தது.

இந்த மனிதர் பிழைப்புக்கு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி என்ன தெரியுமா? வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைக் கண்டுபிடிப்பது. எதுவும் நடக்காத நேரத்தை உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் கிடையாது.

அந்தக் கோள்கள் கண்ணுக்குத் தெரியாது. எந்தத் தொலைநோக்கிக்கும் லேசில் தெரியாது. கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் நமக்குக் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு குறையும். இரண்டு மணி நேரமோ மூன்று மணி நேரமோ கழித்துப் பழையபடி ஏறும். அந்தக் குழியைப் பிடிக்க, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ராத்திரி முழுக்க அரை நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழிக்கு முன்னால் ஒரு மணி நேரமும் பின்னால் ஒரு மணி நேரமும் ஒன்றுமே நடக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால், வைக்கோல் எரித்த புகையால் குறைந்ததா, பனி மூடியதால் குறைந்ததா என்று சொல்ல வழியில்லை.

அதோடும் முடியாது. மறைத்தது கோள்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். வயலில் கவண் சுற்றிக் குருவி விரட்டுகிறவனைத் தூரத்திலிருந்து பாருங்கள். கல் தெரியாது, ஆனால் அவன் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடுவது தெரியும். கோள் சுற்றும்போது நட்சத்திரமும் அப்படி ஆடும். நம்மை நோக்கி ஒரு முறை வரும், விலகி ஒரு முறை போகும். அந்த வேகத்தை நட்சத்திர ஒளியின் நிறங்களைப் பிரித்து அளக்கலாம். அதற்கான கருவி மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கிகளில்தான் உண்டு. விண்ணப்பம் போட்டு, வருஷத்துக்கு ஓரிரு ராத்திரி கிடைத்தால் பாக்கியம்.

எங்கள் மாடியில் தகரக் கூரைக்குக் கீழே இருந்தது சின்னத் தொலைநோக்கி. கூரையைச் செய்துகொடுத்தது டிராக்டர் டிரெய்லர் கட்டும் பட்டறை. தள்ளினால் நெல் மூட்டை இறங்குகிற சத்தம் கேட்கும். இந்தத் தொலைநோக்கியே அவர் வாங்கிக்கொடுத்ததுதான். நிர்வாகக் கூட்டத்தின் கடைசி ஐந்து நிமிஷத்துக்குள் நுழைந்து, அடிவயிற்றுக் குரலில் இரண்டு வாக்கியம் பேசி வாங்கிவிட்டார். அதை ஒத்துக்கொள்ளும்போது இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அவருக்குக் கீழே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தது செல்வராணி. மல்லிப்பட்டினத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பதிவுக்காலம் அந்த வருடக் கடைசியோடு முடிகிறது, நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அதற்குள் ஒரு கோளையாவது இரண்டு சாட்சியோடு நிரூபித்தால்தான் ஆய்வேடு நிற்கும்.

பொங்கல் முடிந்து வானம் தெளிந்த ஒரு பிப்ரவரி ராத்திரி, நான் துணைக்கு இருக்க அது அளந்துகொண்டிருந்தபோது ஒரு நட்சத்திரத்தில் குழி விழுந்தது. பத்தரைக்கு இறங்க ஆரம்பித்து, இருபது நிமிஷத்தில் அடியைத் தொட்டு, அடியிலேயே தட்டையாக ஓடி, பன்னிரண்டரைக்கு மேலே ஏறி முடிந்தது. நடுமையம் பதினொன்றரை. செல்வராணி விடியும்வரை எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவ விழுந்துட்டா சுத்துக்கணக்கு கெடச்சுரும் சார்" என்றது. அடுத்தது எப்போது என்று தெரியாது, தினமும் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு ராத்திரியும் தானே உட்கார்ந்தது. மூன்றாம் நாள் அக்காவுக்கு வளைகாப்பு. பஸ் ஏறும்வரை என்னைப் படுத்தி எடுத்தது.

"சார், விழுந்துச்சுன்னா முன்னாடி ஒரு மணி, பின்னாடி ஒரு மணி. விட்றாதீங்க சார்."

"நீ போயி வளையல் போட்டுக்க. நான் இருக்கேன்ல?" என்றேன்.

துறைத்தலைவரிடமும் சொல்லிவைத்தேன். அவர் கல்லூரிக் குடியிருப்பில்தான் இருந்தார், நடந்தால் ஐந்து நிமிஷம். "சும்மா இருக்குறதப் பாக்க நான் எதுக்கு? விழுந்தா மட்டும் கூப்பிடுங்க" என்றார்.

விழுந்தது, சரியாக இரண்டு மணிக்கு. கூப்பிட்டேன். மப்ளரைச் சுற்றிக்கொண்டு இரண்டே காலுக்கு மாடி ஏறினார். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. "ஆகா, ஆகா" என்று தொடையைத் தட்டினார். இரண்டு இருபதுக்குப் புள்ளிகள் இறங்குவதை நிறுத்தி, படுக்கைவாட்டில் வரிசைகட்ட ஆரம்பித்தன. அவர் முகத்தில் சுவாரசியம் வடிந்தது. இரண்டு நிமிஷம் பொறுத்தார், அவருக்கு அது ஒரு யுகம்.

"அடி தொட்டாச்சு. அதான் மையம். ரெண்டு இருவதுன்னு எழுதிக்கங்க. கூரைய மூடுங்க."

"சார், அடியிலயே ஒரு எண்பது நிமிஷம் ஓடும் சார். மையம் மூணு மணிகிட்ட வரும்னு..."

"அடின்னா அடிதான் தம்பி. இனிமே என்ன, இன்னும் கீழயா போவப்போவுது? எறங்குனா ஏறும். அத உக்காந்து வேற பாக்கணுமா? பதிவேட்டுல நாலரை வரைக்கும் பாத்ததா போட்டுருங்க."

இங்கே நான் சீறி எழுந்திருக்க வேண்டும். நியாயம் கேட்டிருக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், வயல் பக்கத்திலிருந்து பனி ஏறி எனக்கு முழங்கால் விண்விண் என்றிருந்தது, வீட்டில் கம்பளி இருந்தது, ஜூன் மாதத்துக்கு நான்கு மாதம்தான் இருந்தது. பன்னிரண்டிலிருந்து நாலரை வரை முழுக் கண்காணிப்பு, மையம் இரண்டு இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் அவரும் போட்டார். கூரை நெல் மூட்டைச் சத்தத்தோடு மூடிக்கொண்டது. இரண்டே முக்காலுக்கு நான் கம்பளிக்குள் இருந்தேன். நல்ல தூக்கம்.

மறுநாள் மத்தியானமே அவர் பதிவேட்டு நகலோடு மலைக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்த நாள், எப்போதோ ஏற்பாடு செய்திருந்தபடி, தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றி அலுமினியப் பூச்சுக்கு அனுப்பினோம். ஆகவே மறுபடி பார்த்துச் சரிசெய்யவும் வழியில்லை. செல்வராணி கைநிறைய வளையலோடு வந்து நின்றது.

"ஃபுல்லா பாத்தீங்களா சார்?"

"பார்த்தோம்."

"படத்தையெல்லாம் குடுங்க சார், நானும் ஒரு தடவ மையம் எடுத்துப் பாக்குறேன்."

படங்கள் இரண்டு இருபத்திரண்டோடு நின்றுபோயிருந்தன. அதைக் கொடுத்தால் பதிவேட்டின் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். "ஹார்ட் டிஸ்க் வயர எலி கடிச்சிருச்சும்மா. அன்னிக்கு எடுத்த படம் மொத்தமும் போச்சு. நல்லவேள, மையத்த எழுதி வச்சிருந்தோம்" என்றேன். எலி எப்படிக் கடித்திருக்கும் என்று முன்பற்களைக் காட்டி நடித்தும் காண்பித்தேன். சிரித்துவிட்டுப் போனது. படங்கள் பென் டிரைவில், என் பர்சில், மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இருந்தன. அழித்திருக்கலாம். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

மலையிலிருந்து மே மாதத்தில் இரண்டு ராத்திரி கொடுத்தார்கள். துறையில் லட்டு. தலைவர் பெட்டி திறந்ததும் வந்து, லட்டோடு படம் எடுத்துக்கொண்டு போனார்.

கண்ணாடி ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்தது. மலையில் பார்க்க இன்னும் பன்னிரண்டு நாள். "ஒரு தடவ நம்ம குழியப் பாத்துருவோம் சார், நல்ல சகுனமா இருக்கும்" என்றது செல்வராணி. கணக்குப்படி அன்று ராத்திரி பத்து இருபதுக்கு மையம். எட்டு மணிக்கே உட்கார்ந்தோம். ஒன்பதே கால் ஆனது, ஒன்பதே முக்கால் ஆனது, பத்து இருபதும் ஆனது. புள்ளிகள் மேஜைமேல் வைத்த ஸ்கேல் மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தன. நட்சத்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை.

என் பயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குப் பயம் வந்தால் நெஞ்சு அடைக்கும். எனக்கு ஏப்பம் வரும். பத்தரைக்குள் பதினாறு ஏப்பம். தண்ணீர் குடிக்கிறேன் என்று மூன்று முறை கீழே இறங்கினேன். மூன்றாவது முறை படிக்கட்டில் நின்று, நாளைக்கே சிக்குன்குனியா வந்துவிட்டதாகச் சொல்லிப் படுத்துவிடலாமா, அதற்கு எந்த மூட்டெல்லாம் வலிக்க வேண்டும் என்று போனில் தேடினேன். மணிக்கட்டும் வலிக்க வேண்டுமாம். ஒத்திகையாக மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன்.

செல்வராணி கணினிக் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. ஒப்பீட்டு நட்சத்திரங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது. பன்னிரண்டு மணிக்குக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"சார், நான்தான் மொதத் தடவ தப்பா பாத்துட்டேன்போல. பெரிய சாரும் நீங்களும் பாத்தது சரியாத்தான் இருக்கும். அன்னிக்குப் புகை கிகை ஏதாச்சும் வந்துருக்கும், நான் குழின்னு நெனச்சுட்டேன். மலைக்கு எழுதி வேணாம்னு சொல்லிரட்டுமா? வேற யாராச்சும் அந்த ராத்திரிய வச்சுக்குவாங்க."

அது பார்த்ததில் ஒரு குறையும் கிடையாது. அந்த ராத்திரி எனக்குத் தெரிந்து அது கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. நான் பர்சை எடுத்து, மாரியம்மனை நகர்த்தி, பென் டிரைவை மேஜைமேல் வைத்தேன்.

"என்ன சார் இது?"

"எலி," என்றேன்.

சிரிக்கவில்லை. போட்டுப் பார்த்தது. முதல் குழியின் வடிவத்தை இந்தப் பாதிக் குழியின்மேல் வைத்து நகர்த்தியது. இறங்குமிடம் அச்சாகப் பொருந்தியது. மையம் மூன்று மணியில் போய் நின்றது. என்னிடம் ஒன்றும் கேட்காமல் காகிதத்தில் கணக்குப் போட்டது.

"ஒரு சுத்துக்கு மூணு நாளு மூணரை மணி நேரம் சார். நாம நாப்பது நிமிஷம் கம்மியா குடுத்துருக்கோம். மலையில பாக்குறதுக்குள்ள இருவத்தெட்டு சுத்து. பதினெட்டு மணி நேரம் நாப்பது நிமிஷம் தப்பு." பேனாவை வைத்தது. "கிட்டத்தட்ட கால் சுத்து சார். நட்சத்திரம் வேகமா ஆடுற நேரம்னு நெனச்சு அவங்க பாப்பாங்க. ஆனா அப்ப கோள் நமக்கும் நட்சத்திரத்துக்கும் நேர்க்கோட்டுல நிக்கும், நட்சத்திரம் கிட்ட வர்றதும் இருக்காது, வெலகிப் போறதும் இருக்காது. ரெண்டு ராத்திரியும் அப்படித்தான். இங்க கோளே கெடையாதுன்னு எழுதிருவாங்க."

கணக்குப் போட்ட காகிதத்தை மடித்துவைத்தது. பிறகு, "பல்லையெல்லாம் காட்டினீங்களே சார்" என்றது.

காலையில் துறைத்தலைவருக்குப் போன் செய்தேன். அவர் போனில் யாரையும் இரண்டாவது வாக்கியம் வரை போகவிடமாட்டார். "சார், அந்த ரெண்டு இருவது மையம்..." "சரி சரி." "தப்பு சார். கால் சுத்து தள்ளிப்போவுது. மலையில ஒண்ணும் தெரியாது." இந்த முறை கொஞ்சம் நிதானித்தார்.

"தெரியலன்னா தெரியல. இல்லன்னு வர்றதும் ரிசல்ட்தான் தம்பி. அதையும் பேப்பரா போடலாம்."

"அந்தப் புள்ளைக்கு வருசம் முடியுது சார்."

"அப்ப ராத்திரிய மாத்தச் சொல்லுங்க. நடுவுல மேகம் வந்துருச்சு, அதான் சரியா பாக்க முடியலன்னு எழுதிருங்க."

"பதிவேட்டுல நாலரை வரைக்கும் தெளிவான வானம்னு போட்டுருக்கோம் சார்."

"போட்டுருக்கோம் இல்ல. போட்டுருக்கீங்க. உங்க கையெழுத்துதான மொதல்ல இருக்கு?" போன் வைக்கப்பட்டது.

மலையில் நேர ஒதுக்கீட்டைப் பார்ப்பது ஒரு அம்மாள். நல்ல கறாரான குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பக்கத்து ராத்திரி ரெண்டும் வேற ஒருத்தரோடது. மாத்திக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்குறேன். ஆனா மொதல்ல குடுத்த நேரம் எப்படித் தப்பாச்சுன்னு எழுத்துல வேணும். உங்க பதிவேடு முழுக் கண்காணிப்புன்னு சொல்லுது. எத நான் நம்புறது?" என்றார்.

அந்தக் கடிதத்தை எழுத எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. முதல் வடிவத்தில் மேகம் இருந்தது. இரண்டாவதில் எனக்கு உடம்பு சரியில்லை. மூன்றாவதில் "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று ஆரம்பித்து, ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு காரணமும் சொல்லாமல் ஓட்டியிருந்தேன், என் வாழ்க்கையிலேயே சிறந்த உரைநடை அதுதான். என் மனைவி பின்னாலிருந்து எட்டிப் படித்துவிட்டு, "ஏங்க, நீங்க பாத்தீங்களா பாக்கலையா? அத ஒரு வரியில எழுத முடியாதா?" என்றாள். முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு இருபத்திரண்டுக்குக் கூரையை மூடிவிட்டோம், நாலரை என்று எழுதியது பொய், அதை எழுதியது நான். அனுப்பிவிட்டு வாசலில் உட்கார்ந்து ஏப்பம் விட்டேன். எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

கடிதத்தின் நகல் மலையிலிருந்து கல்லூரிக்கும் போக, மூன்றாம் நாள் எனக்கு மெமோ வந்தது. பதிவேட்டில் பொய்த் தகவல் எழுதியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கீழே துறைத்தலைவரின் கையெழுத்து, அன்று நான் பார்த்த அதே சுழிகளோடு இருந்தது. மாடிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். நான் எழுதிய விளக்கத்தில் பக்கத்தில் நின்றது யார் என்று சொன்னேனா? சொன்னேன். "துறைத்தலைவர் அவர்களின் மேலான முன்னிலையில்" என்று சொன்னேன். என் வீரம் அவ்வளவுதான்.

ராத்திரிகள் கைமாறின. மலையிலிருந்து முதல் அளவு வந்த நாளில் நான் ஆய்வகத்தில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். செல்வராணி வந்து மடிக்கணினியை என் முன்னால் வைத்தது. ஒரு ராத்திரி நட்சத்திரம் நம்மை நோக்கி வந்திருந்தது, அடுத்த அளவில் விலகிப் போயிருந்தது. நடுவில் ஓடிய வளைவு, எங்கள் குழிகள் சொன்ன நேரத்துக்கு அச்சாக உட்கார்ந்தது. "இருக்கு சார்" என்றது. நான் கையிலிருந்த துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். லென்ஸ் துடைக்கும் திரவம் மூக்கில் ஏறி அரை மணி நேரம் எரிந்தது.

ஜூன் வந்தது. என் கோப்பில் அவர் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்று நினைக்காதீர்கள், கோப்பைப் படிக்கிற பொறுமை இல்லை.

பிறகு கட்டுரை எழுதினார்கள். அதில் எந்தெந்த ராத்திரி, யார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வெளிச்சம் அளந்தார்கள் என்று ஓர் அட்டவணை வரும். அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு செல்வராணி துறைத்தலைவரின் அறைக்குப் போனபோது, ஏதோ கையெழுத்துக்காக நானும் அங்கே நின்றிருந்தேன். அவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், முதல் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தார், மூடப்போனவர் அட்டவணையில் நின்றார்.

"இது என்னம்மா? ரெண்டாவது வரி. பன்னெண்டு மணி முதல் ரெண்டு இருவத்திரெண்டு வரை. முழுமையற்றது. இதப் போட்டுத்தான் ஆவணுமா?"

"நடந்தது அதான சார்."

"இந்த வரிய எடுத்துரு. மத்த ராத்திரியெல்லாம் இருக்குல்ல, போதும்."

"எடுத்துரலாம் சார்." குரல் ஏறவே இல்லை. "ஆனா இதுல பேரு வரணும்னா ஒரு ராத்திரியாச்சும் அளந்துருக்கணும்னு மலையில சொல்லிட்டாங்க. நீங்க மேல வந்தது அந்த ஒரு ராத்திரிதான் சார். மத்த ராத்திரியெல்லாம் இங்க அளந்தது நான். வரிய எடுத்தா உங்க பேரும் போயிரும். சாரோட பேரும்தான்." கடைசிச் சொல்லுக்கு என் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தது.

மின்விசிறி சுற்றுவது கேட்டது. அவர் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிஷம் போயிருக்கும், இரண்டும் போயிருக்கும். ஒன்றுமே நடக்கவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

"இருக்கட்டும்" என்றார் கடைசியில். காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இனிஷியல் ரெண்டும் போட்டுருக்கியாம்மா?"

"போட்டுருக்கேன் சார்."

நானும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றுதான். அதையும் போட்டிருந்தது.